எறும்பு பார்த்த வைத்தியம்

எனக்கு வந்த வியாதிகளில் முக்கால்வாசி எனக்கு வராதவை. காசம், குடலிறக்கம், மஞ்சள்காமாலை, இருதய வீக்கம் என்று கல்யாண வயதுக்குள் எல்லாவற்றையும் பட்டு முடித்திருந்தேன். ஒன்றுக்கும் டாக்டரிடம் போனதில்லை. போனால் அவர் ‘ஆமாம், இருக்கிறது’ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? பயந்தாங்கொள்ளி வியாதிக்குப் பயப்படுவதைவிட டாக்டருக்குத்தான் அதிகமாகப் பயப்படுவான்.

மனித உடம்பைப் பற்றிய பாடம் ஏழாம் வகுப்பில் வருமாம். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். அதனால் என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் சொன்னதுதான்.

கடை என்றால் என் சித்தப்பாவின் கருப்பட்டிக் கடை. அருப்புக்கோட்டை பஜாரில் இருந்தது. அப்பா தவறிய பிறகு எனக்குப் பள்ளிக்கூடம், வீடு எல்லாம் அந்தக் கடைதான். முன்னால் வியாபாரம், பின்னால் சரக்கு அடுக்கும் இருட்டறை, அதற்கும் பின்னால் கருவேல வேலி. அந்த வேலியோரம்தான் கடை ஆண்களுக்கு ஒதுங்கும் இடம். (இதை ஏன் சொல்கிறேன் என்று முகம் சுளிக்க வேண்டாம். கதையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.)

திருச்சுழிப் பக்கத்திலிருந்து மாதாமாதம் சரக்கெடுக்க வரும் வியாபாரி ஒருவர் ஒரு மாதம் வரவில்லை. மகன் வந்தார்.

“அப்பாவுக்கு மதுரையில காலை எடுத்துட்டாக” என்றார்.

“லாரியில அடிபட்டாகளா?” என்று சித்தப்பா கேட்டார்.

“இல்லண்ணே. சக்கரை.”

சர்க்கரை காலை எடுக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். அப்போதே குனிந்து என் காலைப் பார்த்தேன். இரண்டும் இருந்தன. எவ்வளவு நாளைக்கு என்பதுதான் தெரியவில்லை.

எங்கள் கடையில் மூட்டை தூக்கும் கோட்டைச்சாமிக்கு என் வயதுதான். அவனுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. சரியாகத் தெரிந்த விஷயமும் கிடையாது.

“அதைக் கண்டுபிடிக்கிறது சுளுவுலே” என்றான். “ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்குதான்னு பாரு. மொய்ச்சா சக்கரைதான்.”

நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். வேலியோரம் நான் வழக்கமாக நிற்கும் இடத்தில், சாமி புறப்பாட்டுக்குக் கூடிய மாதிரி எறும்புக் கூட்டம். கொஞ்சம் தள்ளி, கோட்டைச்சாமி நிற்கும் இடத்தில் மருந்துக்குக்கூட ஒரு எறும்பு இல்லை. அன்று படுத்தபோது பாயின் கால்மாட்டைப் பார்த்தேன். அங்கேயும் வரிசை கட்டி வந்துகொண்டிருந்தன. முதலில் போவது கால்தானே? எறும்புகள் முன்கூட்டியே வந்துவிட்டன என்று எனக்குக் குப்பென்று வியர்த்தது.

யாரிடமும் சொல்ல முடியாது. அதே சமயம் பந்தல்குடியில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். சீக்காளிக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அந்தப் பெண்ணை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். அப்பாவோடு கடைக்கு வந்து, ஒரு கருப்பட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, “சுண்ணாம்பு வாடை அடிக்குது. இதை நீங்களே வச்சுக்கங்க. வேற எடுங்க” என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தவள். பெயர் வேலம்மாள். அவள் திருப்பிக் கொடுத்த கருப்பட்டியை நான் விற்கவில்லை. (சித்தப்பாவுக்கு இது கடைசிவரை தெரியாது.)

ஆகவே நானே வைத்தியம் பார்த்துக்கொண்டேன். இனிப்பை விட்டேன். கருப்பட்டிக் கடையில் உட்கார்ந்துகொண்டு கருப்பட்டிக் காப்பி வேண்டாம் என்றவன் நான் ஒருவன்தான் இருப்பேன். அரிசிச் சோற்றை விட்டேன். கம்பங்கஞ்சியை விட்டுக் கஞ்சித் தண்ணீருக்கு வந்து, அப்புறம் அதையும் பாதியாக்கினேன். பாகற்காய், வேப்பங்கொழுந்து, ஆவாரம்பூக் கஷாயம். விடியும் முன் பாளையம்பட்டி வரைக்கும் நடந்துவிட்டு வருவேன். வழியில் எதிர்ப்படுகிற பால்காரர், “என்ன தம்பி, பஸ்ஸை விட்டுட்டீகளா?” என்று தினமும் கேட்பார். சும்மா நடக்கிறேன் என்றால் அந்தக் காலத்தில் பைத்தியம் என்பார்கள். அதனால் “ஆமா, விட்டுட்டேன்” என்பேன். அவ்வளவு செய்தும் எறும்பு குறையவில்லை. நான்தான் குறைந்தேன். சட்டை தோளிலிருந்து இறங்கியது.

“கண்ணு குழி விழுந்து கெடக்கே. எதையும் கண்டு பயந்தியாய்யா?” என்று அம்மா கேட்டாள்.

எறும்பைக் கண்டு என்று எப்படிச் சொல்வது?

பெண் வீட்டுக்குக் கை நனைக்கப் போகும் நாள் வந்தது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் வாயில் ஒன்றும் வைக்க மாட்டோம். தண்ணீரோடு சரி. எல்லாம் பேசி முடித்த பிறகு ஒருநாள் போய், இலை போட்டு உட்கார்ந்து, முதலில் இனிப்பைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். மாப்பிள்ளை இனிப்பைத் தொட்டால் சம்மதம். தொடாமல் எழுந்தால் பெண்ணை வேண்டாம் என்று ஊரறியச் சொன்னதாக அர்த்தம். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு வேறு வரன் வருவதும் கஷ்டம்.

நானும் அம்மாவும் சித்தப்பாவும் பஸ்ஸில் போய் இறங்கினோம். பெண்ணின் அப்பா பருத்தி வியாபாரி. நல்ல பாரியான உடம்பு. தொந்தி முன்னால் வர, அவர் பின்னால் வந்தார். காலில் செருப்புக் கடித்த புண்ணுக்குத் துணி சுற்றியிருந்தார். “ரெண்டு மாசமா இந்தப் புண்ணு போகமாட்டேங்குது” என்று சிரித்தார். பேச்சுக்கு நடுவில் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு, “இந்தா வாரேன்” என்று கொல்லைப்பக்கம் போய்வந்தார். திரும்ப ஒரு செம்பு. திரும்ப “இந்தா வாரேன்”. இவ்வளவு தெம்பான மனிதருக்கு இப்படி ஒரு சாகப்போகிற மருமகனா என்று எனக்கு அழுகை முட்டியது.

இலை போட்டார்கள். பெண்ணின் அப்பாவே பாயசக் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்தார். கரண்டி என் இலைக்கு மேலே வந்தது. பாசிப்பருப்பும் கருப்பட்டியும் ஏலக்காயும் மணந்தன. ஒரு கரண்டி, ஒரு கால் என்று என் மனம் கணக்குப் போட்டது. இரண்டு கையாலும் இலையை மறைத்தேன்.

கரண்டி அந்தரத்தில் நின்றது.

“வெக்கப்படாதீக தம்பி, கையை எடுங்க” என்றார் அவர்.

“எனக்கு வேண்டாம்.”

“ஏலே, ஒரு வாய் வையிலே” என்று சித்தப்பா பல்லைக் கடித்தபடி சொன்னார். “பேருக்குத் தொட்டு நாக்குல வை.”

“வேண்டாம் சித்தப்பா.”

அடுப்படி வாசலில் நின்ற வேலம்மாளின் அத்தை, “எம்புள்ளைக்கு என்ன கொறைன்னு கேளுங்க” என்றார். அவருக்குப் பின்னால் வேலம்மாளின் முகம் தெரிந்தது. அன்று கருப்பட்டியை முகர்ந்தபோது இருந்த மிடுக்கு அந்த முகத்தில் இல்லை. சாவதைவிட அதைப் பார்ப்பது எனக்குப் பயமாக இருந்தது. சரி, கால் போனால் போகிறது, சாப்பிட்டுவிடலாம் என்று கையை எடுத்தேன். ஆனால் பல நாள் பட்டினி என்னைக் கேட்டுக்கொண்டா வேலை செய்யும்? கண் இருட்டியது. பிடிமானத்துக்கு ஏதோ கையில் அகப்பட்டது. அது குண்டானின் காது.

விழித்தபோது தலை முதல் இடுப்புவரை பாயசத்தில் கிடந்தேன். கையில் ஒரு இரும்புச் சாவிக்கொத்து இருந்தது. காக்காய் வலிப்பு என்று நினைத்து அத்தை திணித்திருக்கிறார்.

“வலிப்புக்காரனையா எங்க தலையில கட்டப் பாத்தீக?” என்று அவர் என் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

எழுந்து உட்கார்ந்து என் மானத்தைக் காப்பாற்றினேன். “எனக்கு வலிப்பெல்லாம் இல்ல. சக்கரை வியாதிதான்” என்றேன்.

(அதைச் சொன்ன மாத்திரத்தில், வலிப்பே பரவாயில்லை என்று சித்தப்பாவின் முகம் சொன்னது.)

பெண்ணின் அப்பா மட்டும் நிதானமாக இருந்தார். “யாரு சொன்னா? எந்த டாக்டரு?”

“டாக்டரு இல்ல. எறும்பு.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “பஸ்ஸு வரப்போகுது. டவுனு டாக்டருகிட்ட ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம். இருந்தா, பேச்சு இதோட முடிஞ்சது. இல்லைன்னா அப்புறம் பேசுவோம்.”

என் கல்யாணம் ஒரு மூத்திரச் சீசாவில் வந்து நின்றது இப்படித்தான்.

டாக்டர் வீட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். காய்ந்த பாயசத்தோடு நான் ஒரு கோடியில், பெண்ணின் அப்பா ஒரு கோடியில். சட்டைமேல் எறும்பு ஏறத் தொடங்கியது. கை, கழுத்து, காது. உடம்பு முழுவதும் முற்றிவிட்டது என்று முடிவு செய்தேன். பாயசத்துக்காக வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கம்பவுண்டர் ஒரு சீசாவை நீட்டி மறைவைக் காட்டினார். போய் நின்றேன். வரவில்லை. பயத்தில் எச்சிலே வற்றியவனுக்கு அது மட்டும் எங்கிருந்து வரும்? வெளியே பெண்ணின் அப்பாவின் குரல் கேட்டது.

“என்னய்யா பண்றீக உள்ளே?”

“வரமாட்டேங்குது.”

“இதுக்கு என்னய்யா பயம்? கம்பவுண்டரே, எனக்கும் ஒண்ணு குடுங்க. எப்படின்னு காட்டுறேன்.”

அவர் போய்விட்டுச் சடுதியில் சீசாவை நிறைத்துக்கொண்டு வந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்ட துணையில் எனக்கும் கொஞ்சம் வந்தது.

கம்பவுண்டர் இரண்டு கண்ணாடிக் குழாய்களில் நீலத் தண்ணீர் விட்டு, அதில் சொட்டுச் சொட்டாகக் கலந்து, விளக்கில் காய்ச்சினார். “நெறம் மாறலைன்னா ஒண்ணுமில்ல. செங்கல் நெறத்துக்குப் போச்சுன்னா நெறைய இருக்குன்னு அர்த்தம்” என்றார். ஒன்று நீலமாகவே கொதித்தது. மற்றது பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் எங்கள் ஊர்ச் சூளைச் செங்கல் மாதிரி சிவந்தது.

நான் தரையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் வந்து குழாய்களைப் பார்த்தார். “இந்தச் சிவப்பு யாரோடது?”

“பெரியவரோடதுங்க” என்றார் கம்பவுண்டர்.

டாக்டர் பெரியவரின் காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் புண்ணைப் பார்த்தார். தண்ணீர்த் தாகத்தைக் கேட்டார். ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். புண்ணும் தாகமும் கொல்லைப்பக்கம் ஓடியதும் என் கண் முன்னால் நடந்தவை. என் உடம்பில் வியாதி தேடி எறும்பு பார்த்துக்கொண்டிருந்த நான், எதிரே உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்க்கவில்லை.

பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார். எறும்பு விவரத்தைச் சொன்னேன். “எங்க வேலை?” என்றார். சொன்னேன். “செருப்புப் போடுறதுண்டா?”

“கடைக்குள்ள போடுறதில்லீங்க. கோட்டைச்சாமிதான் டயர் செருப்பு போட்டிருப்பான்.”

“காலைத் தூக்கு.”

தூக்கினேன். அது மழை ஈரம் பிடிக்கும் மாதம். சரக்கறையில் கருப்பட்டி கசிந்து தரையெல்லாம் பிசுபிசுத்துக் கிடக்கும். முகம் கழுவுவேன், புறங்கால் கழுவுவேன். உள்ளங்காலை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுவேன். அங்கே கருப்பட்டி தார் மாதிரி அப்பியிருந்தது.

“எறும்பு இதுக்குத்தான் வந்திருக்கு. காலைக் கழுவு. சோறு சாப்பிடு. உனக்குப் பட்டினியைத் தவிர ஒரு வியாதியும் இல்ல” என்றார் டாக்டர். பிறகு பெரியவரைப் பார்த்து, “இந்தத் தம்பி பயந்துபோய்ச் செஞ்சதுல பட்டினியை விட்டுட்டு மத்ததை நீங்க செய்யணும். தெனம் நடக்கணும். இனிப்பை விடணும். தொந்தி எறங்கணும். கஷாயம் குடிச்சா குடிங்க, ஆனா மாத்திரையை விடக்கூடாது. இப்பவே வந்தீக, கால் தப்பிச்சது” என்றார்.

பெரியவர் வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். குனிந்து தன் கால்களை மாறி மாறிப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

மெதுவாகக் கேட்டார். “பாகக்காயைக் கசக்காமத் திங்க வழி இருக்கா, மாப்ளே?”

“இல்ல மாமா” என்றேன். “பழகிரும்.”

கல்யாணப் பந்தியில் நான் மூன்று முறை பாயசம் வாங்கிக்கொண்டேன். இலையை மறைத்தது மாமனார். அவருக்காக ஒரு சைக்கிளில் ஏறி விடியுமுன் பந்தல்குடி போவேன், வாரம் ஒருநாள். இருவரும் ரோட்டோரம் நடப்போம். “எங்கே கிளம்பிட்டீக?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவரும் பஸ்ஸை விட்டுவிட்டதாகச் சொல்லப் பழகினார். பேரன் பேத்திகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். போய்ச் சேர்ந்தபோது இரண்டு காலோடுதான் போனார்.

எனக்கு மட்டும் எங்கள் வீட்டில் மரியாதை போனது போனதுதான். நெஞ்சு வலிக்கிறது என்றாலும், தலை சுற்றுகிறது என்றாலும் வேலம்மாளிடமிருந்து ஒரே பதில்தான் வரும். பிள்ளைகளும் அதையே படித்துக்கொண்டார்கள். இப்போது பேரன்களும் சொல்கிறார்கள்.

போன வருஷம் நிஜமாகவே எனக்குச் சர்க்கரை வந்தது. பரிசோதனைக் காகிதத்தை அவளிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கக்கூட இல்லை.

“மொதல்ல காலைக் கழுவிட்டு வாங்க” என்றாள்.

கழுவிவிட்டு வந்தேன். காப்பி தயாராக இருந்தது. வாயில் வைத்தேன். இனிப்பு இல்லை.