ராட்டினத்து உச்சியில் ஒரு மேகம்

போன மே மாதம் நான் ஒரு மாபெரும் முடிவெடுத்தேன். ஒரு நாள் முழுக்க வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. என் பெண்டாட்டி ரேணுகா வாய் வார்த்தையை நம்புகிற ரகம் இல்லை. சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தி, கற்பூரத்தை அணைக்க வைத்து, சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

வானத்தைப் பார்ப்பது ஒரு குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு மரக்காணத்தில் உப்பளம். மற்றவர்கள் வீட்டில் மேகம் கூடினால் பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவுவார்கள். எங்கள் வீட்டில் தார்ப்பாயைத் தேடுவோம். நாள் கணக்கில் வெயிலில் வெந்து வாரிக் குவித்த உப்பு, ஒரே ஒரு மழையில் வந்த வழியே கடலுக்குப் போய்விடும். போய்ட்டு வரேன் என்று ஒரு வார்த்தை சொல்லாது. அதனால் எங்களுக்குக் கழுத்து எப்போதும் மேல்நோக்கித்தான் இருக்கும். எங்கள் கல்யாண போட்டோவிலேயே நான் கேமராவைப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவது மே மாதம். உப்பு நன்றாக விளைவதும் மே மாதம். இந்த இரண்டையும் ஒரே மாதத்தில் வைத்தவன் யாரோ, அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது.

கல்யாணமான புதுசில் ரேணுகாவை ஈசிஆர் ரோட்டில் இருக்கிற ஒரு தீம் பார்க்குக்குக் கூட்டிப் போனேன். பிரம்மதேசம் கிராமத்தில் நெல்லும் மணிலாக் கடலையும் பார்த்து வளர்ந்த பெண். ராட்டினத்தைப் பார்த்ததும் "இது நெசமாவே சுத்துமா?" என்று கேட்டாள். ஏறினோம். பெட்டி மேலே போகப் போக என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி இன்றைக்கும் என் மணிக்கட்டில் இருக்கிறது. ஊதாப் புடவை, தலையில் கனகாம்பரம், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சிரிப்பு. உலகத்திலேயே உயரமான இடத்தில் உலகத்திலேயே அழகான பெண்ணோடு உட்கார்ந்திருந்தேன் நான். அப்போதாவது அவளைப் பார்த்திருக்கலாம் இல்லையா? நான் தெற்கே பார்த்தேன். மரக்காணம் பக்கம் ஒரு மேகம்.

அவ்வளவுதான். இறங்கினதும் அவளை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அடுத்ததாக, கடல் மாதிரி அலை அடிக்கிற அலைக்குளம் போவதாக இருந்தது. அதற்காக வாடகைக்கு வாங்கின நீல நைலான் உடுப்பை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தாள். கையில் இருந்த கோன் ஐஸ் பஸ் படியிலேயே உருகி ஒழுகியது. ஊர் வந்து சேர்ந்தால் வானம் பளிச்சென்று இருக்கிறது. ஒரு பொட்டுத் தூறல் இல்லை. உப்புக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளிசோற்றை இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குப் பேசாததையெல்லாம் அதற்கப்புறம் தவணை முறையில் பேசிக்கொண்டிருக்கிறாள்.

பிறகும் டூர் போகாமல் இல்லை. எல்லாமே அரை டூர். மாமல்லபுரத்தில் ஒரே ஒரு பாறையைப் பார்த்தோம், மேகம் வந்தது. முட்டுக்காட்டில் படகு ஏறினோம், துடுப்புப் போடுவதற்குள் மேகம் வந்தது. பக்கத்தில் இருக்கிற ஆலம்பரைக் கோட்டைக்குக்கூட வாசல் வரைதான். "எனக்குச் சக்களத்தி யாருமில்லை, மேகம் ஒண்ணுதான்" என்று ரேணுகா ரேஷன் கடையில் நின்று சொல்லுவாள்.

இந்தத் தடவை விஷயம் வேற. எங்கள் ஒரே மகள் பிரியதர்ஷினி பிளஸ் டூ முடித்துவிட்டாள். ஜூன் மாதம் கோயம்புத்தூர் ஹாஸ்டல். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து போக இனி எப்போது வாய்க்குமோ. அந்தக் கவலையை வெளியே காட்டாமல் மாநாடு கூட்டினேன். பிரியா போனை வைத்துக்கொண்டு திட்டம் வாசித்தாள்.

"முதல் நாள் தீம் பார்க். ரெண்டாவது நாள் முதலைப் பண்ணை, அப்புறம் மாமல்லபுரம். அதுக்கு அடுத்த நாள்..."

"இரு இரு. முதலை வாயைத் திறந்துக்கிட்டு சும்மாவே படுத்திருக்கும். அதைப் பார்க்க ஒரு நாளா?"

"நீங்களும் வாயைத் திறந்துக்கிட்டு வானத்தைப் பார்த்துக்கினுதான் இருக்கீங்க. உங்களோட நான் இத்தினி வருஷம் குடும்பம் நடத்தல?" என்றாள் ரேணுகா.

"சரி, முதலையை விடு. மாமல்லபுரம்தான் பார்த்தாச்சே?"

"ஒரு கல்லு பார்த்தோம்ப்பா."

"எல்லாக் கல்லும் அதே மாதிரிதாம்மா இருக்கும்."

ரேணுகா கையை உயர்த்தினாள்.

"எனக்கு முதலையும் வேணாம், கல்லும் வேணாம். ஒரே ஒரு நாள் போதும். அந்தத் தீம் பார்க். காலையில திறக்கறதுலேர்ந்து சாயங்காலம் மூடற வரைக்கும். அந்த அலைக்குளத்துல நான் இறங்கணும். நடுவுல யாராச்சும் மேலே பார்த்தாங்க..."

"பார்க்கல."

"கற்பூரம் எடுத்துக்கினு வாம்மா பிரியா."

சத்தியம் செய்துவிட்டேனே தவிர, மனசு உப்பளத்தை விட்டு நகரவில்லை. குவியல் நிறைய உப்பு. உப்பு ஏற்றிப் போகிற அர்ச்சுனன் லாரி திங்கட்கிழமைதான் வரும். என்னிடம் இருக்கிற தார்ப்பாய் பாதிக் குவியலுக்குத்தான் காணும். நாங்கள் போவது சனிக்கிழமை. கோடை மழை சொல்லிவிட்டா வருகிறது?

யோசித்தேன். நான் வானத்தைப் பார்க்கக் கூடாது என்றுதானே சத்தியம்? வேறு ஒருத்தன் பார்த்துச் சொன்னால்? பக்கத்து உப்பளத்து அந்தோணிசாமியைப் பிடித்தேன்.

"அந்தோணி, சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்கு போன் பண்ணு. மேகம் கருத்துக்கிட்டு வருதுன்னு சொல்லு."

"வரலன்னா ண்ணா?"

"வரலன்னாலும் சொல்லு. ஸ்பீக்கர்ல போட்டு ரேணுகாவைக் கேக்க வெப்பேன். அவளே பதறிப்போய் வீட்டுக்குக் கிளம்பலாம்னு சொல்லிடுவா. நடுவுல நான் 'நெசமாவா, நெசமாவா'ன்னு கேப்பேன். அதெல்லாம் நடிப்பு. நான் தலைகீழா நின்னு கேட்டாலும் நீ மாத்தாத. மேகம்னா மேகம்தான்."

"மாத்த மாட்டேன் ண்ணா. மாதா மேல ஆணை."

அரை நாள் அவளுக்கு, அரை நாள் உப்புக்கு. என் மூளையை நானே தட்டிக் கொடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் பஸ் ஏறும்போது ரேணுகா ஒரு கருப்புக் கண்ணாடியை எடுத்து என் மூக்கில் மாட்டினாள். மேல் பாதி கருப்பு, கீழே வர வர வெளுப்பு.

"இப்ப இதான் பேஷன். போட்டோல நல்லா இருக்கும். இன்னிக்கு முழுக்கக் கழட்டக் கூடாது."

"எனக்கு எதுக்குடி இதெல்லாம்?"

"புது மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க," என்றாள். பிறகு நான் எதற்குக் கழட்டுகிறேன்?

பார்க் பெரிதாகிவிட்டது. அன்றைக்கு இருந்த பொம்மை ரயில் இல்லை. மரத்தடியில் ஐஸ் விற்ற இடத்தில் இப்போது ஏசி போட்ட கடை. ஆனால் ராட்டினம் அதேதான். பெயின்ட் மட்டும் புதுசு. "அந்த மஞ்சப் பெட்டிதான பிரியா, நானும் உங்கப்பாவும் உக்காந்தது," என்று ரேணுகா காட்டினாள். மஞ்சளா என்று எனக்கு நினைவில்லை. அவளுக்கு இருந்தது.

காலை முழுக்க நான் நல்ல பிள்ளை. தரையையே பார்த்து நடந்தேன். மேலே பார்க்காமல் நடந்தால் எதிரே இருப்பதெல்லாம் தெரிகிறது. என் மகள் என் உயரம் வந்துவிட்டாள். சிரிக்கும்போது அவளும் அம்மா மாதிரியே கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள். இது எத்தனை வருஷமாக நடக்கிறது? யாரும் எனக்குச் சொல்லவில்லையே. மூன்று பேரும் மோதுகிற கார் ஓட்டினோம். ரேணுகா என்னைத் தேடித் தேடி வந்து மோதினாள். வீட்டில் செய்வதுதான் என்றாலும், இங்கே கொஞ்சம் அன்பாக இருந்தது. சாப்பிடும்போது கோன் ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். உருகுவதற்கு முன்னால் முழுசாகச் சாப்பிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஐயையோ, அந்தோணி போன் பண்ணுவானே!

வேண்டாம் என்று சொல்ல போனை எடுத்தேன். அதற்குள் அடித்துவிட்டது. பிரியா பட்டென்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அண்ணா! மேகம் கருத்துக்கிட்டு வருது!"

"டேய் அந்தோணி, நெசமாவா?"

"மேகம்தான் ண்ணா."

"இல்லடா, இப்ப நெசமாவே கேக்கறேன். மேகம் வந்திருக்குதா?"

"எப்படிக் கேட்டாலும் மேகம்தான் ண்ணா."

"அடப்பாவி, நான் முன்ன சொன்னதை விட்ருடா! உள்ளதைச் சொல்லு!"

"மாதா மேல ஆணை ண்ணா, மேகம்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

பொய்யா நிஜமா என்று கண்டுபிடிக்க முடியாதபடி ஒரு பொய்யைத் தயாரித்த விஞ்ஞானி நான் ஒருத்தன்தான். ரேணுகா பதறவில்லை. சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்தது அலைக்குளம்தான். அன்னிக்கு மாதிரியே," என்றாள். "போலாமா, வேணாமா? உங்க இஷ்டம்."

கல்யாணமானவர்களுக்குத் தெரியும், 'உங்க இஷ்டம்' என்பது எவ்வளவு கொடுமையான வார்த்தை என்று.

"நீங்க போய் டிரஸ் மாத்துங்க. நான் ஒரே ஒரு தடவை ராட்டினம் சுத்திட்டு வந்துடறேன்," என்று நழுவினேன். மஞ்சள் பெட்டியில் தனியாக ஏறினேன். உச்சிக்குப் போனதும் சத்தியத்தை மீறித் தெற்கே பார்த்தேன்.

கருப்பு. கன்னங்கரேலென்று வானம் முழுக்க. அந்தோணி, நீ உண்மைதான்டா சொன்னே! என் உப்பு! கால் தானாகப் பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பியது.

அப்போது கீழே பார்த்தேன். அலைக்குளத்து வாசலில் இரண்டு நீல உடுப்புகள். ஒன்று ரேணுகா, இன்னொன்று பிரியா. எல்லாரும் உள்ளே ஓடிக்கொண்டிருக்க, இவர்கள் இரண்டு பேர் மட்டும் போகாமல் நின்று என்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்க்க அவர்களுக்கு இவ்வளவு வருஷமும் கழுத்து வலித்திருக்குமே என்று தோன்றியது. பெட்டி இறங்குவதற்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இறங்கி நேராகப் போனேன்.

"மேலே ஒண்ணும் தெரியல. போய்க் குளிங்க. மூடற வரைக்கும் குளிங்க," என்றேன்.

கரையில் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்தேன். ஒவ்வொரு அலை வரும்போதும் ரேணுகா கூச்சல் போட்டாள். ஒவ்வொரு கூச்சலுக்கும் என் குவியலில் ஒரு மூட்டை உப்பு கரைந்தது. தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிச் சிரிக்கிறாள். அதே பெண். போனால் போகிறது உப்பு என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

ஆனால் பாருங்கள், தியாகம் செய்தவனால் அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர்கள் கரையேறினதும் எழுந்து நின்றேன். தொண்டையைக் கனைத்தேன்.

"ரேணு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மேலே மேகம் இருந்துச்சு. நான் பார்த்துட்டேன். இந்நேரம் நம்ம உப்பு மொத்தமும் கரைஞ்சிருக்கும். கரைஞ்சா கரையட்டும்! எனக்கு நீதான் முக்கியம்."

"பார்த்துட்டுமா எங்களைக் குளிக்கச் சொன்னீங்க?"

"ஆமா."

அவள் அழுதுவிட்டாள். பிறகு ஈரக் கையோடு என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

"பிரியா, உங்கப்பா பாஸுடி," என்றாள்.

"என்ன பாஸ்?" என்றேன்.

"உப்பு கரையலங்க. நாம பஸ் ஏறின கையோட அர்ச்சுனன் லாரி வந்து ஏத்திக்கினு போயிடுச்சு. நான்தான் இன்னிக்கே வரச் சொன்னேன். அந்தோணி அண்ணன் கூட நின்னு ஏத்தி விட்டாரு."

"அந்தோணியா? அவன் எனக்குல்ல..."

"நீங்க அவருகிட்ட சொன்ன அன்னிக்கே அவரு வீட்டுக்காரம்மா லூர்துமேரி என்கிட்ட சொல்லிடுச்சு. 'பாவம், அவரு சொல்லச் சொன்னதை மாத்தாம அப்படியே சொல்லுங்கண்ணா'ன்னு நான்தான் சொன்னேன். அன்னிக்கு மாதிரி ஓடறீங்களா, நிக்கிறீங்களான்னு பார்க்க வேணாமா?"

விரிந்த நெஞ்சு சுருங்கியது. ஆனாலும் நான் விடவில்லை.

"லாரி சரி, அந்தோணி சரி. மேகம் நெசம்தானே? நானே என் ரெண்டு கண்ணால பார்த்தேன்டி!"

பிரியா எட்டி என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழட்டினாள்.

தெற்கே வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. வெயில் சுள்ளென்று கண்ணில் அடித்தது.

"கடையில இருந்த கண்ணாடி எல்லாத்தையும் போட்டு வானத்தைப் பார்த்தோம்ங்க," என்றாள் ரேணுகா, தலையைத் துவட்டிக்கொண்டே. "இது ஒண்ணுலதான் உச்சி வெயில்லயும் மழை வர்ற மாதிரி இருந்துச்சு."