டாக்டர் ஸ்டோக்ஸின் மின்னல் தகடு

பெலிக்கன் ஓக்ஸ் முதியோர் குடியிருப்பின் மன்றத்து வாசலில் காலை ஒன்பது மணிக்கே கோல்ஃப் வண்டிகள் நிறுத்த இடமில்லை. இலவச டோனட் கொடுத்த நாளில்கூட இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. நடக்க முடிந்தவர்கள் நடந்து வந்தார்கள். நடக்க முடியாதவர்கள் அவர்களையும் முந்திக்கொண்டு வந்தார்கள். காரணம், மின்னலை அடக்கும் டாக்டர் ஸ்டோக்ஸ் நான்காவது வாரமாக எழுந்தருளியிருந்தார். எதில் டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டவரிடம் அதையெல்லாம் கேட்பது மரியாதையா?

வந்தவர்கள் சாமானியர்கள் இல்லை. விமானம் ஓட்டியவர்கள், வங்கியை நடத்தியவர்கள், பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஃப்ளோரிடாவுக்குக் குடிவந்ததும், கூடவே மூளைக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

முதல் வரிசையில் டெல்மார் உட்கார்ந்திருந்தார். ஒஹாயோவில் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அவர் வேடிக்கை பார்க்க வரவில்லை, பயந்துபோய் வந்திருந்தார்.

அந்தக் குடியிருப்பில் எல்லா வீடும் சொன்ன பேச்சைக் கேட்கும். விளக்கே எரி என்றால் எரியும், கதவே திற என்றால் திறக்கும். மற்றவர்களுக்கு அது சோம்பலுக்கு வசதி. டெல்மாரின் மனைவி பாபிக்கு அப்படியில்லை. நரம்பு நோய் வந்து சக்கர நாற்காலியில் இருப்பவள் அவள். போன ஜூலையில் இரண்டு தெரு தள்ளி ஒரு பனை மரத்தில் இடி விழுந்தது. டிவி கேபிள் வழியாகக் கரண்ட் எகிறி வந்து கதவு மோட்டார், கட்டில் மோட்டார், எல்லாவற்றையும் கருக்கிவிட்டுப் போனது. டெல்மார் மீன் பிடிக்கப் போயிருந்தார். பாபி குளியலறைக்குள் மாட்டிக்கொண்டாள். கதவை இழுத்துத் திறக்க அவள் தோளில் வலுவில்லை. இரண்டரை மணி நேரம். அன்றிலிருந்து வானம் உறுமினாலே டெல்மார் ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் திறந்து வைப்பார்.

மேடையில் டாக்டர் உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகட்டைத் தூக்கிக் காட்டினார். நடுவில் பச்சையாக ஒரு குட்டி விளக்கு மினுக்கியது.

"அன்பர்களே, மின்னலுக்கு எங்க போக ஆசை? பூமிக்கு! நீங்க என்ன பண்றீங்க? வீட்டுலேர்ந்து பூமிக்கு ஒரு எர்த் கம்பியப் போட்டு, வாங்க வாங்கன்னு பந்தல் போட்டு அழைக்கிறீங்க! அந்தக் கம்பிய அறுங்க. என் தகட்ட ஒட்டுங்க. மின்னல் வழி தெரியாம திரும்பிப் போயிடும்!"

"பாவம், வழி தெரியாம எங்க போகும்?" என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, கைதட்டினார்கள்.

"தொண்ணூறு வீட்டுல ஒட்டியிருக்கு. ஒரு வீட்டுலயாவது இடி விழுந்துச்சா?"

"இல்ல!" என்றது கூட்டம்.

வீட்டுக்கு மூன்று தகடு. ஒரு தகடு முந்நூற்று நாற்பத்தொன்பது டாலர். எர்த் கம்பியை அறுக்க மட்டும் டாக்டர் காசு வாங்குவதில்லை. அந்த அழிவு இலவசம். டெல்மார் அடுத்த திங்கட்கிழமை தகடு ஒட்டப் பெயர் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார்.

பாபி காபிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். டெலிபோன் கம்பெனியில் இருபத்தாறு வருடம் கம்பம் ஏறியவள் அவள்.

"எர்த்த அறுக்கப் போறானா? யோவ், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? எகிறி வர்ற கரண்ட் வடிஞ்சு போக வீட்டுல இருக்கிறதே அந்த ஒரு வழிதான். நான் என்ன சொன்னேன்? எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டு மின்பெட்டியில தடுப்பு மாட்டச் சொல்லுன்னு சொன்னேன்."

"தொண்ணூறு வீட்டுல ஒண்ணும் ஆகல பாபி."

"நம்ம வீட்டுலயும் மூணு வாரமா ஒண்ணும் ஆகல. ஏன் தெரியுமா? போய் மின்பெட்டியப் பாரு."

டெல்மார் போய்ப் பார்த்தார். மின்பெட்டியின் மேல் பாபியின் ரோஸ் நிற ரப்பர் செருப்பு ஒன்று தொங்கியது.

"என்னடி இது?"

"மின்னல் தடுப்புச் செருப்பு. டாக்டர் வந்த மொத வாரமே பக்கத்து வீட்டு மாவிஸ்கிட்ட சொல்லி மாட்டினேன். இடி விழுந்துச்சா? விழல. செருப்புக்குச் சக்தி இருக்கா இல்லையா?"

"வெளையாடாத. இது உன் உயிர் விஷயம்."

"ஆமா, என் உயிர்தான். அதான் நான் கேள்வி கேக்குறேன், நீ கைதட்டுற."

டெல்மாருக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் பயந்தவனுக்குச் செருப்பைவிடத் தகடு கௌரவமாகத் தெரிகிறது. அவர் பெயரைத் திரும்ப வாங்கவில்லை. பாபி அதற்கு மேல் சண்டை போடவில்லை. மன்றத்து அரங்கை யாருக்கு எந்த நேரம் என்று ஒதுக்கும் நோட்டு அவளிடம்தான் இருந்தது. சனிக்கிழமை நடக்கவிருந்த டாக்டரின் மாபெரும் விற்பனையைக் காலையிலிருந்து மதியம் மூன்றுக்கு மாற்றினாள்.

"மூணு மணிக்கா? அது இடி மழை நேரமாச்சே!" என்றார் டெல்மார். அந்த ஊரில் ஆகஸ்டு மாதத்து மழை கடிகாரம் பார்த்து வரும்.

"காலையில நடன வகுப்புக்காரங்க கேட்டாங்க, குடுத்துட்டேன். மின்னல் டாக்டருக்கு மின்னல் நேரத்துல வர என்ன கஷ்டம்? நாலு வாரமா ஒம்போது மணிக்கே வந்து பதினொண்ணுக்கு ஓடிப்போறாரே, ஏன்னு யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. டெல்மார் காதைச் சொறிந்தார்.

சனிக்கிழமை எழுபது பேர் கூடிவிட்டதால் டாக்டரால் வராமல் இருக்க முடியவில்லை. சிவப்புத் துணி விரித்த மேசையில் அவருடைய லேப்டாப், சொன்னால் எரியும் விளக்கு, அட்டை தேய்க்கும் மெஷின் மூன்றும் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு தகடு. டாக்டர் பேசினார், ஆனால் கண் ஜன்னலிலேயே இருந்தது.

மூன்றேகாலுக்கு மேற்கே வானம் கறுத்தது. கோல்ஃப் மைதானத்து அபாயச் சங்கு ஊதியது. டாக்டர் பேச்சைப் பாதியில் முடித்து, "வரிசையா வாங்க, சீக்கிரம், சீக்கிரம்" என்றார். தூரத்தில் ஒரு இடி. டாக்டரின் கை தானாகப் போய் லேப்டாப்பின் வயரைப் பிடுங்கியது. இன்னொரு இடி. விளக்கின் வயர். மூன்றாவது இடிக்கு மெஷினின் வயரும் வந்துவிட்டது.

வரிசையில் முதல் ஆள் டெல்மார். அட்டையைத் தேய்த்தார். மெஷின் செத்துக் கிடந்தது.

"டாக்டர், வயர் கழண்டிருக்கு" என்று அக்கறையாக எடுத்து மெஷினில் சொருகினார். டாக்டர் பிடுங்கினார். டெல்மார் மறுபடி சொருகினார். டாக்டர் இந்த முறை மேசைக்கு அடியிலிருந்தே வயரை உருவிவிட்டார்.

"டெல்மார், விட்டுடு. அவருக்குப் பயமா இருக்கு" என்றாள் பாபி, பின்னாலிருந்து.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"எனக்கென்ன பயம்?" என்றார் டாக்டர்.

"அப்பச் சொருகட்டுமே. தகடுதான் ஒட்டியிருக்கே."

"இது... வாடகை மெஷின், அம்மா."

பாபி நாற்காலியை உருட்டிக்கொண்டு மேசைக்கு எதிரே வந்தாள். "உங்க மெஷின் கருகினா வேற மெஷின் வாங்கிக்குவீங்க. என் கதவு கருகினா நான் உள்ளயே கெடப்பேன். உங்க தகட்ட நம்பி நான் உயிரக் குடுக்கணும், நீங்க ஒரு மெஷினக் குடுக்க மாட்டீங்களா? சொருகு, டெல்மார்."

அந்த இரண்டரை மணி நேரம் டெல்மாரின் கண்முன் வந்து நின்றது. வயரின் நுனியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிவப்புத் துணிக்குள் தலையை விட்டார். வெளியே ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஒரு நிமிடம் அவருடைய பின்பக்கம் மட்டுமே மக்களுக்குத் தரிசனம் தந்தது. அப்புறம் சத்தம் வந்தது.

"இங்க ஒரு பெட்டி இருக்கு!"

சாதாரணக் கடைப் பெட்டி. கரண்ட் எகிறினால் தடுப்பதற்கு எல்லோரும் வாங்குகிற எக்ஸ்டென்ஷன் பெட்டி. விலைச் சீட்டுக்கூடக் கிழிக்கப்படவில்லை. டெல்மார் அதைச் சுவரிலிருந்து கழற்றி வெளியே கொண்டுவந்து, பின்னால் எழுதியிருந்ததை உரக்கப் படித்தார்: "எர்த் இணைப்பு இருந்தால் மட்டுமே பாதுகாப்பு கிடைக்கும்."

பிறகு பிளக்கைத் தூக்கிக் காட்டினார். மூன்று பின்.

"டாக்டர், எங்க வீட்டு எர்த்த அறுக்கச் சொன்னீங்களே. உங்களுக்கு மட்டும் எதுக்கு இந்த மூணாவது பின்?"

"அது மன்றத்தோட பெட்டி. எனக்குத் தெரியாது."

"மன்றத்துச் சாமானுக்கெல்லாம் நான் நம்பர் ஒட்டியிருக்கேன்" என்றாள் பாபி. "இதுல உங்க கம்பெனி பேருல்ல ஒட்டியிருக்கு!"

தகட்டின் பச்சை விளக்கு மட்டும் வெட்கமில்லாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. மாவிஸ் கேக் வெட்டும் கத்தியால் ஒன்றை நெம்பிப் பார்த்தாள். உள்ளே ஒரு பட்டன் பேட்டரியும் கொஞ்சம் மணலும். முன்பணமாக வாங்கிய காசோலைகளை எல்லாம் திருப்பிக் கொடுக்கும்வரை டாக்டருக்கு யாரும் வழிவிடவில்லை. விட்டதும் மழையில் ஓடினார், தலையில் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு. ஒரு தகட்டைக்கூடத் தலைமேல் பிடிக்கத் தோன்றவில்லை அவருக்கு.

வீட்டில் டெல்மார் மனைவியின் காலடியில் உட்கார்ந்தார். "திங்கக்கிழமை அந்த ஆளுக்கு நானே கதவத் திறந்து விட்டிருப்பேன், பாபி. நானே உன்னை..." அவள் மடியில் முகத்தைப் புதைத்து அழுதார்.

"பயத்துல பண்ணின. தெரியும்" என்று அவர் தலையைத் தடவினாள். "பயப்படு, தப்பில்ல. பயப்படும்போதும் கேள்வி கேளு."

திங்கட்கிழமை ரமோனா என்ற எலக்ட்ரீஷியன் வந்தாள். மின்பெட்டியில் தடுப்பு மாட்டினாள். டிவி கேபிளின் எர்த்தையும் வீட்டின் எர்த்தோடு ஒரே இடத்தில் சேர்த்தாள். போகும்போது சொன்னாள்: "நேரா வீட்டு மேலயே விழுந்தா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. மழை வர்றதுக்கு முன்னாடியே பிடுங்க முடிஞ்சதப் பிடுங்கி வச்சிடுங்க. குளியலறைக் கதவுக்கு மோட்டார் இல்லாமலும் லேசாத் தள்ளினா திறக்கிற மாதிரி கீல் மாத்திடுறேன்."

தன்னால் என்ன முடியாது என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். டெல்மாருக்கு அவளை நம்பத் தோன்றியது.

அன்று மாலை இடி ஓய்ந்த தூறலில் மாவிஸ் குடையோடு ஓடிவந்தாள். அவள் வீட்டில் டாக்டர் ஏற்கெனவே எர்த் கம்பியை அறுத்துவிட்டிருந்தார். ரமோனா வர நாலு நாள் ஆகுமாம்.

"பாபி, ஒரு சந்தேகம்" என்று குரலைத் தாழ்த்தினாள். "உன் மின்பெட்டியில நான் மாட்டினேனே அந்தச் செருப்பு... அது இடது காலா, வலது காலா?"

பாபி இரண்டு செருப்பையும் எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"ரெண்டையும் கால்ல போட்டுக்கோ மாவிஸ். வீட்டுக்கு நடந்து போய் எல்லா வயரையும் பிடுங்கிப் போடு. போற வழியில கொஞ்சம் யோசிச்சுக்கிட்டே போ. அதுக்கு மட்டும் இன்னும் யாரும் தகடு விக்கல."