எட்டுப் பக்கமும் ஒரு வெட்டும்

"வெட்டுறதை என்கிட்ட குடு. ஒருத்தியா எவ்வளவுதான் பண்ணுவ?" என்றபடி நாத்தனார் கத்தரிக்கோலோடு எதிரே வந்து உட்கார, அவள் தன் கையிலிருந்த தாளைச் சட்டென்று கவிழ்த்து வைத்தாள்.

காரணம் இருந்தது. பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில், சொத்தைப் பல்லோடு யாரும் வராத வேளைகளில் எழுதிய கதை அது. எல்லாப் பத்திரிகைகளும் திருப்பி அனுப்பிவிட, அவளே பதிப்பாளராகி, ஜெராக்ஸ் எடுத்து, 'எட்டுப் பக்கம்' என்று பெயரும் வைத்துவிட்டாள். அன்று மாலை நூலகக் கூடத்தில் அக்கம்பக்கத்து ஆட்கள் தாங்களே அச்சிட்ட குட்டிப் பத்திரிகைகளை விரிக்கும் சந்தை. அவளுக்கும் ஒரு மேசை ஒதுக்கியிருந்தார்கள்.

கதையின் நாயகி, இரண்டு நாள் தங்க வந்து இரண்டு மாதமாகியும் பெட்டியைக் கட்டாத ஒரு நாத்தனார்.

ஆகவே பத்திரிகை சந்தைக்குப் போயாக வேண்டும். எதிரே இருப்பவர் கண்ணில் படாமலும் போயாக வேண்டும்.

நல்லவேளையாக, இந்தப் பத்திரிகையின் அமைப்பே அதற்கு வசதியானது. ஒரே தாள்தான். ஒரு பக்கம் மட்டும் அச்சு, மறுபக்கம் வெள்ளை. தாளில் எட்டுக் கட்டங்கள்; மடிப்புக்குத் தோதாக மேல் வரிசை நான்கும் தலைகீழாக அச்சாகியிருக்கும். குறுக்கே பாதியாக மடித்து, மடிந்த ஓரத்திலிருந்து நடுக்கோட்டின் வழியே பாதி தூரம் வெட்ட வேண்டும். விரித்தால் தாளின் வயிற்றில் ஒரு கீறல் இருக்கும். இரு முனையையும் பிடித்து உள்ளே தள்ளினால் கீறல் வாய் திறந்து, தாள் தானாகவே புத்தகமாகச் சுருண்டுகொள்ளும். பசை வேண்டாம், பின் வேண்டாம். முதல் தடவை செய்து பார்த்தபோது அவள் தனியாக உட்கார்ந்து கைதட்டியிருக்கிறாள்.

எழுத்து உள்ளே, வெள்ளை வெளியே என்று மடித்துக் கொடுத்தால் வெட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. அப்படியே மடித்துக் கொடுத்து, மடிந்த ஓரத்தை விரலால் தொட்டும் காட்டினாள். அதற்குள் நூலகத்திலிருந்து அழைப்பு வர, மேசை விரிப்பு பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினாள்.

மொத்தக் கட்டும் வெட்டி முடிந்திருந்தது. திறந்த ஓரத்திலிருந்து.

ஒன்றை விரித்தாள். நடுவில் கீறலே இல்லை. இரண்டு பக்கமும் பிளந்து, கொடியில் காயும் இரண்டு கால்சட்டைகளை இடுப்போடு ஒட்டியது போலத் தொங்கியது.

"அக்கா, அந்தப் பக்கம்னு சொன்னேனே."

"எந்தப் பக்கம்னா என்னம்மா, ரெண்டும் ஓரம்தானே?"

ஜெராக்ஸ் கடை மதியத்துக்கு மூடியிருந்தது. நாத்தனாரே வழி சொன்னார்: முழுசாக இரண்டு பட்டையாக வெட்டி, முனைகளைப் பசையால் ஒட்டிவிடலாமாம். அவள் யோசித்துப் பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் வந்தது. பட்டைகளைக் கவிழ்த்துப் போட்டு, வெள்ளைப் பக்கம் மட்டும் தெரியும்படி நீட்டினாள். நாத்தனார் தாராளமாகப் பசை தடவினார், சுவரொட்டிக்குத் தடவுவது போல.

ஒட்டிய பிறகுதான் பாதிக் கதை தலைகீழாக நிற்பது தெரிந்தது. பிய்க்கலாமென்றால் பசை விடவில்லை. போதாததற்கு ஈரத்தில் தாளெல்லாம் அப்பளமாக நெளிந்திருந்தது.

எட்டிப் பார்த்த கணவன், "அக்கா மட்டும் இல்லேன்னா உன் கதி என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவள் பல்லைக் கடித்தாள். பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள் செய்யக் கூடாத காரியம்.

தலைகீழ் என்றாலும் வாசகர் திருப்பிப் பிடித்துப் படிக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மடித்து அடுக்கினாள். நெளிவு போவதற்காக அவள் கனமான புத்தகம் தேடப் போன இடைவெளியில், நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நன்றாகச் சூடேற்றி ஒவ்வொன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டார்.

ஜெராக்ஸ் மை உண்மையில் மை அல்ல. நுண்ணிய பிளாஸ்டிக் பொடி. சூட்டில் உருகித்தான் அது தாளைப் பிடித்துக்கொள்கிறது. மறுபடி சூடுபட்டால் மறுபடி உருகும். எதிரே எது இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். எதிரே இருந்தது அடுத்த பக்கம்.

அவள் ஒன்றைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. கத்தி நுனியால் நெம்பினாள். இரண்டாம் பக்கத்து எழுத்தெல்லாம் உரிந்து மூன்றாம் பக்கத்தோடு போயிற்று. மேசைமேல் இருந்தவை பத்திரிகைகள் அல்ல, அழகாகத் தேய்த்த அட்டைகள்.

"போதும்க்கா," என்றாள். "தயவுசெஞ்சு இனிமே எதையும் தொடாதீங்க. கடை திறந்திருப்பாங்க. நான் புதுசா அடிச்சுக்கறேன்."

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை அணைத்து, ஒயரை நிதானமாகச் சுற்றி வைத்தார்.

"புதுசா அடிச்சுக்கோ, வேண்டாங்கல. ஆனா நாலாம் பக்கத்துல நான் குறட்டை விடுறதா எழுதியிருக்க பாரு, அது நான் இல்ல, உன் வீட்டுக்காரன். அதை மட்டும் மாத்தி எழுதிட்டு அடிச்சு எடுத்துட்டு வா. இந்தத் தடவை மடிஞ்ச பக்கமாவே வெட்டித் தரேன்."