லீவு அண்ணையும் என் கையெழுத்தும்

மனுசரை அவமதிப்பதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கிய ஆள் லண்டனில் ஒருவர்தான். அவர் லீவு அண்ணை. இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

கம்பனிகளுக்குள் நடக்கும் மோசடிகளைக் கண்டுபிடிப்பதும், இனி நடக்காமல் வழி சொல்வதும்தான் அவர் தொழில். பொலிஸ் இல்லை, முதலாளிமார் சம்பளம் கொடுத்துக் கூட்டிவரும் ஆள். யாரைக் கண்டாலும் முதல் கேள்வி, "கடைசியா எப்ப லீவு எடுத்தனீர்?" ஹரோவில் ஒரு கலியாண வீட்டில் மணவறையில் இருந்த மாப்பிள்ளையிடமே கேட்டார். பாவம், அந்தப் பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தது.

கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் மொத்த வியாபாரக் கடைக்கு அவர் வந்தது, அரிசி மூட்டைகள் காணாமல் போனதால். லொறியில் வரும் சாமானை எண்ணி, வந்து சேர்ந்தது என்று துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஒன்பது வருசத்தில் ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. காய்ச்சலோடும் போனேன். "இவரைப் பாத்துப் படியுங்கோ" என்று முதலாளி பொங்கலுக்குப் பொங்கல் எல்லோருக்கும் சொல்வார்.

அண்ணை ஆர்ச்வேயில் தன் வீட்டிலிருந்து சொந்தத் தேத்தண்ணிப் போத்தலோடு வந்து வெங்காய மூட்டையில் குந்தினார். சூடாக மட்டன் ரோல்ஸ் கொடுத்தோம். "விசாரணை முடியுமட்டும் உங்கட பச்சைத் தண்ணியும் வேண்டாம்" என்றார். மட்டன் ரோல்ஸைத் தள்ளிவைக்கிறவனை எப்படி நம்புவது?

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒன்பது வருசமா லீவு எடுக்கேல்லையோ?"

"ஓம் அண்ணை, ஒரு நாளும் இல்லை." நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

"அப்ப நாளைக்குத் தொடங்கி ரெண்டு கிழமை, பதினாலு நாளும், இந்தப் பக்கம் வரக்கூடாது. ஒருத்தருக்கும் ஃபோன் அடிக்கவும் கூடாது."

"நான் என்ன கள்ளனோ?"

"இன்னும் தெரியாது. களவை மூடி வைக்கிறவன்தான் ஐசே லீவு எடுக்கப் பயப்பிடுவான். அவன் இல்லாட்டி அது வெளியில வந்திடும்."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. காய்ச்சலோடு வேலைக்குப் போனவனுக்கு இந்தப் பட்டமா? வீட்டில் இருந்து சுவரைப் பார்த்தேன். முதல் இரண்டு நாள் மனுசியும் என்னோடு சேர்ந்து அண்ணையைத் திட்டினாள். மூன்றாம் நாள் சோறு போட்டுக்கொண்டே மெல்லக் கேட்டாள், "நீங்கள் ஒண்டும் செய்யேல்லைத்தானே?" அன்று நான் சாப்பிடவில்லை. வேலை போனால் வேறு தேடலாம். பெயர் போனால் எங்கே தேடுவது?

இரண்டு கிழமை கழித்துக் கூப்பிட்டார்கள். முதலாளி தலை குனிந்திருந்தார். அண்ணை மூன்று துண்டுகளை மேசையில் வைத்தார்.

"இது உம்மட கையெழுத்தோ?"

"ஓம்."

"திகதியைப் பாரும். அண்டைக்கு எங்க நிண்டனீர்?"

"வீட்டில..."

சொல்லும்போதே விளங்கிவிட்டது. லொறி விடியவே வந்தால் மழைக்குள் ஓட வேண்டாம் என்று, ஒரு கட்டு வெறுந்துண்டுகளில் முன்கூட்டியே கையெழுத்து வைத்து ஸ்டோர் ரூபனிடம் கொடுத்து வைப்பது என் வழக்கம். ரூபன் எங்கள் ஊர்ப் பொடியன், வாய்க்கு வாய் என்னை அண்ணை என்பான். அவன் லொறிக்காரனோடு சேர்ந்து பாதி மூட்டையை இறக்கி, முழுவதும் வந்ததாக என் துண்டில் எழுதியிருக்கிறான். என் இடத்துக்கு வந்த பிள்ளை எண்ணாமல் கையெழுத்து வைக்கமாட்டாள் என்பதால், நான் லீவில் நின்றபோதும் என் துண்டுகளையே ஆபிசுக்கு அனுப்பியிருக்கிறான். அங்கே கையெழுத்தைத்தான் பார்ப்பார்கள், ஆளைப் பார்ப்பதில்லை.

"நீர் இஞ்ச நிண்டிருந்தா கள்ளன் நீர்தான்," என்றார் அண்ணை. "வீட்டில நிண்டபடியாத் தப்பினீர்."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினேன்.

"சொல்லியிருந்தா நீர் ரூபனுக்கு ஃபோன் அடிச்சு அழுதிருப்பீர்."

அது உண்மை. அதுதான் இன்னும் கோபம். போதாததற்கு, "வெறுந்துண்டில கையெழுத்து வைக்கிறது நம்பிக்கை இல்லை ஐசே, பஞ்சி, வெறும் சோம்பல்" என்று முதலாளி முன்னால் ஒரு குத்து வேறு. அன்றிலிருந்து லொறி வந்தால் இரண்டு பேர் நின்று எண்ண வேண்டும், துண்டுகளுக்கு நம்பர் உண்டு, எல்லோருக்கும் வருசத்தில் இரண்டு கிழமை லீவு கட்டாயம்.

எல்லாம் முடிந்து, அன்றைக்கும் நாங்கள் வாங்கி வைத்து ஆறிப்போன ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார். நான் விடவில்லை.

"நீங்கள் கடைசியா எப்ப லீவு எடுத்தனீங்கள்?"

மெல்லுவது நின்றுவிட்டது. விரல் மடக்கி எண்ணப் பார்த்தார், ஒரு விரலும் மடங்கவில்லை. மனுசன் வாழ்க்கையில் லீவே எடுத்ததில்லை!

அதனால் இப்போது என் லீவில் ஒரு நாள் அவரையும் இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகிறேன். அங்கேயும் ஐஸ்கிறீம் விற்கிறவனிடம் அதே கேள்விதான். பிறகு கூச்சமில்லாமல் என்னைக் காட்டி, "இவரை நான் விசாரிச்சுப் பாத்தனான். சுத்தமான ஆள்" என்று இங்கிலிஷில் சொல்வார். யாராவது கேட்டார்களா? கோபம் கோபமாக வரும். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் அடுத்த வருசமும் அவரைக் கூட்டிக்கொண்டு போவேன்.