குழாய்த் தண்ணீர் எந்த அமைச்சருடையது?

மாண்புமிகு குடிநீர் அமைச்சரும் என் மனைவியின் ஒரே தம்பியுமான மாப்பிள்ளைக்கு அத்தான் எழுதுவது. இங்கு அனைவரும் நலம், சமையலறைச் சுவர் நீங்கலாக. தங்கள் நலனையும் தங்கள் துறையின் நலனையும் அறிய அவா.

எங்கள் தெருவில் தங்கள் குழாய் உடைந்து, தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து, சுவர் ஊறிப்போய் வயிறு தள்ளி நிற்கிறது. மச்சினனே அமைச்சராக இருக்க நமக்கென்ன கவலை என்று நேற்று தங்கள் அலுவலகம் வந்தேன். தாங்கள் சொன்ன பதில் இது: "அத்தான், குழாய்க்குள்ள இருக்கிற வரைக்கும்தான் அது என் தண்ணி. ரோட்டுக்கு வந்துட்டா சாலை அமைச்சரோடது. வீட்டுக்குள்ள வந்துட்டா வீட்டுவசதி." அட கடவுளே! அமைச்சர் முடிவெடுப்பார், அமைச்சகம் நிறைவேற்றும் என்று காலமெல்லாம் பாடம் நடத்தியவன் நான். தப்பாக எழுதியவர்களுக்கு முட்டை போட்டவன். அதில் நீயும் ஒருவன், மறந்துவிட்டாயா? சரி, சாலை அமைச்சரிடம் போனால், "இப்பத்தான் புது ரோடு போட்டிருக்கேன், தோண்ட விடமாட்டேன்" என்கிறார். வீட்டுவசதி அமைச்சரோ, "சுவர் நிக்குதுல்ல? அப்ப பழுதில்ல சார். விழுந்துட்டா பேரிடர் அமைச்சகம்" என்று தேநீர் கொடுத்து வழியனுப்புகிறார்.

இன்று காலை மூவரும் சேர்ந்து வந்தீர்களே, அதைச் சொல்லு! குழாய் உடைந்த குழியைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தீர்கள், கூட்டுக்குழு அமைத்தீர்கள். உன் அக்கா வாளியும் கையுமாக, "டேய், ஒரு துணியையாவது சுத்திட்டுப் போடா, வீடு விழுந்துரும்டா" என்று அழுதாள். "அமைச்சரவையில பேசுறேன்க்கா" என்று காரில் ஏறிவிட்டாய். கல்நெஞ்சக்காரா! இருக்கிற ஒரே வீடடா இது. இனி உன் வாசற்படியை நான் மிதித்தால் ஏனென்று கேள். நீயும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே.

குழந்தைகளுக்கு என் ஆசி. உன் மனைவி மேல் எனக்குக் கோபமில்லை.

இப்படிக்கு,
கணுக்கால் தண்ணீரில் நிற்கும்
அத்தான்

பி.கு.: கையெழுத்துப் போட்ட கையோடு சுவர் விழுந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அமைச்சரவையை மாற்றிவிட்டதாக இப்போதுதான் வானொலியில் சொன்னார்கள். பேரிடர் அமைச்சர் நீதானாம்! மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. உன் அக்கா பாத்திர பண்டங்களை மூட்டை கட்டியாயிற்று. உன் பங்களாவில் மாடி அறையைக் காலி செய்து வை. இந்தக் கடிதத்தையும் நாங்களே கையில் கொண்டுவருகிறோம்.