சப்பரத்துக்கு மேலே போன கம்பி

சேசு மரி சூசை

சுங்கை சிப்புட், தோட்டத்து ஸ்டோர் வீடு
1927 ஆகஸ்டு 6, சனிக்கிழமை, காலை பத்து மணி

ஈப்போவில் வக்கீல் ஆபீசில் பெரிய குமாஸ்தாவாக விளங்கும் கனம் பொருந்திய மச்சான் ஆம்புரோஸ் அவர்களுக்கு, தங்கள் தங்கை நவமணியின் கணவன் ஸ்டானிஸ்லாஸ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நவமணி சுகம், பிள்ளைகள் சுகம், கன்று ஈன்ற மாடும் சுகம். என்னைப் பற்றி மட்டும் அப்படி எழுதக் கை வரவில்லை. தங்களையும் அக்காவையும் சர்வேசுரன் ஒரு குறையுமில்லாமல் காத்து வரட்டும். மரியாதை வார்த்தைகள் இன்னும் நாலு வரி எழுத ஆசைதான். ஆனால் எனக்கு இன்னும் எட்டேகால் மணி நேரம்தான் பாக்கி இருக்கிறது. என்ன பாக்கி என்று கேட்பீர்கள். சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஒன்பது வருஷமாக இந்த ஸ்டோரில் இஞ்சினும் டைனமோவும் பார்ப்பது தங்களுக்குத் தெரியும். ரப்பர்ப் பாலை ஷீட்டாக அடிக்கிற உருளைகளை அந்த இஞ்சின்தான் சுற்றுகிறது. பொழுது சாய்ந்தால் துரை பங்களா, ஆஸ்பத்திரி, ஸ்டோர் மூன்றுக்கும் விளக்கு கொடுப்பதும் அதுதான். இத்தனை வருஷத்தில் எனக்கும் டைனமோவுக்கும் நடுவில் சட்டம் என்று ஒருவர் வந்து நின்றதில்லை. சத்தம் மாறினால் எண்ணெய் விடுவேன், பொறி பறந்தால் நிறுத்துவேன், அவ்வளவுதான். இந்த வருஷம் துரைக்கு ஒரு கட்டுக் காகிதம் வந்தது. புதிய மின்சாரச் சட்டமாம். இனிமேல் சொந்தமாக மின்சாரம் உண்டாக்குகிற தோட்டம், ஈயச் சுரங்கம், ஆலை எல்லாம் லைசென்சு எடுக்க வேண்டும். இயந்திரத்தைப் பரீட்சை தேறிய ஆள்தான் தொட வேண்டும். லைசென்சில் எழுதிய இடங்களைத் தாண்டி ஒரு முழம் கம்பிகூட இழுக்கக் கூடாது. விபத்து நேர்ந்தால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மின்சார இன்ஸ்பெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பரீட்சை ஈப்போவில், அடுத்த மாதம், எனக்கு. நாற்பத்தெட்டு வயதில் நான் பரீட்சைக்குப் போகிறேன் என்று என் சின்ன மகள் கூலி லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். பார்க்கிறவர்கள் எல்லாம் பாடம் படிச்சாச்சா என்று கேட்கிறார்கள்.

சட்டத்தில் கண்ட சாமான்களில் ரப்பர்க் கையுறை ஒன்று. ஸ்டோருக்கு வெளியே கண்ணுக்கெட்டின மட்டும் ரப்பர் மரம், ஸ்டோருக்கு உள்ளே கூரை முட்ட ரப்பர் ஷீட், ஆனால் கையுறை மட்டும் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டுமாம். இன்னும் வரவில்லை. வந்தது ஓர் அட்டை. மின்சாரம் தாக்கியவனைப் பிழைக்கவைப்பது எப்படி என்று இங்கிலீஷில் அச்சடித்தது. அதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டும்படி துரை, தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணி பழனியப்பனிடம் கொடுத்தார். பழனியப்பன் கணக்கில் புலி. இங்கிலீஷை ஒவ்வொரு சொல்லாக அப்படியே தமிழாக்கி, மின்சாரம் ஓடுகிற கம்பி என்று எழுத வேண்டிய இடத்தில் "உயிருள்ள கம்பியைத் தொடாதே" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டார். மறுநாள் பால் எடுத்து வந்த பெண்கள் நாற்பது கெஜத்துக்கு அப்பாலேயே வாளிகளை இறக்கிவிட்டு நின்றுகொண்டார்கள். அது யாருடைய உயிர், எப்போது புகுந்தது, ஆணா பெண்ணா என்று என்னிடம் விசாரணை. நான் விளக்கம் சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் பத்து கெஜம் பின்னால் போனார்கள். கடைசியில் யாரோ சுவிட்சுப் பலகைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அறுத்துவைத்த பிறகுதான் பால் உள்ளே வந்தது. இதையெல்லாம் பார்த்து அதிகம் சிரித்தவர் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் பத்துமலை. அட்டையை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டி, குப்புறக் கிடத்தி முதுகில் ஏறி அமுக்கு என்ற இடம் வந்தால் தோட்டமே கேட்கிறபடி சிரிப்பார்.

இனி நேற்றுக்கு வருகிறேன். மாரியம்மன் கோயிலில் ஆடி வெள்ளித் திருவிழா. போன வாரமே பழனியப்பன் வந்து, கோயில் வாசலில் ஆறு பல்பு எரிய வேண்டும், ஸ்டோரிலிருந்து கம்பி இழுத்துக் கொடுங்கள் என்றார். லைசென்சில் கோயில் இல்லை என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. மாதா கோயில் திருநாளாக இருந்தால் இழுத்திருப்பீர்கள் இல்லையா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். மச்சான், அந்த ஒரு கேள்விக்கு எந்தச் சட்டத்தில் பதில் இருக்கிறது? இருநூறு குடும்பம் அம்மனைக் கும்பிடுகிற தோட்டத்தில் நாங்கள் வேதக்காரர்கள் ஏழு குடும்பம். ஒன்பது வருஷமாக ஒருவர்கூட எங்களை வேறாகப் பார்த்ததில்லை. ஸ்டோரில் கிடந்த பழைய கம்பியை எடுத்து, ரப்பர் மரத்துக்கு மரம் கட்டி, முந்நூறு கெஜம் இழுத்துக் கொடுத்தேன். துரையும் பார்த்தார், பார்க்காதது போலப் போனார்.

நேற்று மத்தியானம் மழை. ஐந்து மணிக்கு விட்டது. ஆறு மணிக்கு நான் இஞ்சினை ஓட்டிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். ஆறு பல்பும் எரிந்தன. சனங்கள் ஆவென்று பார்த்தார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆறேகாலுக்குச் சப்பரம் கிளம்பியது. பூ அலங்காரத்தோடு சப்பரத்தின் உச்சி எவ்வளவு உயரம் என்று ஒருவரும் அளக்கவில்லை, நானும் அளக்கவில்லை. உச்சி கம்பியில் இடித்து நின்றது. தூக்குகிறவர்கள் தோளில் பாரம், பின்னால் கூட்டம் நெருக்குகிறது. பத்துமலை சப்பரத்தின் கட்டையில் ஒரு காலும் ஈர மண்ணில் ஒரு காலுமாக நின்று, வெறுங்கையால் கம்பியை உயர்த்தப் போனார். நான் வேண்டாம் என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. கம்பியின் துணியுறை எங்கேயோ இற்றுப்போயிருக்கிறது. அவர் கை கம்பியை விடவில்லை, கம்பியும் அவரை விடவில்லை. முகம் வேறு யாரோ முகம் போல ஆகிவிட்டது.

ஸ்டோர் முந்நூறு கெஜம். ஓடிப்போய் இஞ்சினை நிறுத்த நேரமில்லை. கோயில் மடைப்பள்ளிக்குள் காய்ந்த மணைப்பலகை ஒன்று கிடந்தது. அதை எடுத்துக் கம்பியை ஓங்கி அடித்தேன். கம்பி அறுந்தது, விளக்கெல்லாம் அணைந்தது, பத்துமலை சேற்றில் விழுந்தார். மூச்சு இல்லை. பூசாரி விபூதி போட்டார், ஒருவர் தண்ணீர் தெளித்தார், ஒருவர் முடிந்துபோச்சு என்றார். எனக்கு அந்த அட்டை ஒன்றுதான் நினைவில் இருந்தது. அவரைக் குப்புறக் கிடத்தி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, இடுப்புக்கு இருபுறமும் முழங்கால் போட்டு, முதுகை அமுக்கி அமுக்கி விட்டேன். அவர் சம்சாரம் காளியம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"செத்த மனுசன் மேல ஏறி உக்காந்திருக்காரே, யாராச்சும் எறக்குங்களேன்" என்று அவள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

நாலு பேர் என்னை இறக்க வந்தார்கள். நவமணிதான் குறுக்கே போய் நின்றாள். தங்கள் தங்கை குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை; நேற்றும் உயர்த்தவில்லை. "அரைமணி நேரம் அவரைத் தொடாதீங்க. அப்புறமும் மண்டோர் எந்திரிக்கலேன்னா என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க" என்றாள். அவர்கள் நின்றுவிட்டார்கள்.

அமுக்கி விடுவதற்கு ஒரு தாளம் வேண்டும், மச்சான். என்னிடம் கடியாரம் இல்லை. அருள்நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினேன். பாதி மந்திரத்துக்கு ஓர் அமுக்கல். மாரியம்மன் சந்நிதியில், ஒரு மண்டோரின் முதுகின்மேல் உட்கார்ந்து, ஜெபமாலையில் பாதி சொல்லிவிட்டேன். பாவமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்க வேண்டும். கை மரத்துப்போயிற்று. ஜெபமாலையின் மூன்றாவது பத்து மணிகள் முடிகிற சமயம் அவர் ஒரு தடவை விக்கினார். பிறகு இருமினார். பிறகு சேறும் எச்சிலுமாகத் துப்பிவிட்டு, "சப்பரம் போயிருச்சா?" என்று கேட்டார். நான் அவர் முதுகைவிட்டு இறங்கி அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். காளியம்மா என் காலைத் தொட வந்தாள், எழுந்து ஓடிவிட்டேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் ஏன் தங்கள் நேரத்தை எடுக்கப் போகிறேன்? ஆள் பிழைத்துவிட்டார். என் வேலைதான் பிழைக்குமா என்று தெரியவில்லை. இன்ஸ்பெக்டருக்கு எழுதினால் லைசென்சில் இல்லாத கம்பியை நானே இழுத்தேன் என்று நானே எழுதிக் கொடுத்ததாக ஆகும். எழுதாவிட்டால் விபத்தை மறைத்த குற்றம். துரையிடம் போனேன். யாரும் சாகவில்லையே, சாகாதபோது விபத்து எங்கே என்றார். பழனியப்பனிடம் போனேன். எழுதினால் கோயிலைப் பூட்டிவிடுவார்கள், அந்தப் பழி ஏழு குடும்பத்துக்கும் வரும் என்றார். சரி, அடிபட்டவரையே கேட்போம் என்று இன்று விடிந்ததும் பத்துமலை வீட்டுக்குப் போனேன். வாசலில் இருபது பேர். அம்மன் அவர்மேல் இறங்கி அரைமணி நேரம் தங்கியிருந்துவிட்டுப் போனாள் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. அவர் மஞ்சள் துண்டு கட்டிக்கொண்டு குறி சொல்லிக்கொண்டிருந்தார். என்னை ஓரமாக அழைத்துப்போய் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, உசிரக் குடுத்தது நீங்கதான், எனக்குத் தெரியும். ஆனா கரெண்டு அடிச்சுச்சுன்னு மட்டும் எழுதிப்புடாதீங்க. இப்பத்தான்லா நாலு பேரு என்னை மதிக்கிறாங்க."

வீட்டுக்கு வந்து நவமணியிடம் சொன்னேன். துரை வேண்டாம் என்கிறார், கிராணி வேண்டாம் என்கிறார், அடிபட்டவரே வேண்டாம் என்கிறார், நான் யார் எழுத? அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அறுந்த கம்பிய மறுபடியும் கட்டிட்டாங்க, நாளைக்கும் திருவிழா இருக்கு. ஒரு சின்னப் புள்ள போயி அதப் புடிச்சா, நீங்க அங்க இருப்பீங்களா?"

முறத்தை எடுத்து மறுபடி புடைக்கத் தொடங்கிவிட்டாள். அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன். தங்கள் வக்கீல் ஐயாவிடம் தயவுசெய்து கேட்க வேண்டியது: செத்துப்போய்ப் பிழைத்தவன் சட்டப்படி விபத்தில் சேர்வானா, இருபத்துநான்கு மணி நேரம் அவர் விழுந்ததிலிருந்தா, எழுந்ததிலிருந்தா, நாளை ஞாயிற்றுக்கிழமை என்பதற்காகச் சட்டத்தில் ஒரு நாள் விலக்கு உண்டா, இல்லையென்றால் என்னைப் போன்றவர்கள் செத்த பிறகு அமலுக்கு வருகிற மாதிரி இந்தச் சட்டத்தையே தள்ளிவைக்கச் சொல்லி ஒரு மனு எழுத முடியுமா. பரீட்சைக்கு எனக்குக் காய்ச்சல் என்றும் யாரிடமாவது சொல்லிவையுங்கள். இந்தக் கடிதம் தங்கள் கைக்கு வந்து சேரும்போது என்னுடைய இருபத்துநான்கு மணி நேரம் எப்போதோ முடிந்திருக்கும் என்பது இப்போதுதான் புத்தியில் படுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். பேனாவைக் கீழே வைத்தால் எழுந்து போய் எதையாவது செய்ய வேண்டிவரும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தம், தங்கள் வக்கீல் ஐயாவுக்கு என் சலாம். தேவமாதா தங்கள் குடும்பத்தின்மேல் தம் முக்காட்டை விரித்து நிழல் தரட்டும். ஓரத்தில் கொஞ்சம் இடம் மீந்தால் எனக்கும்.

இப்படிக்கு,
என்ன செய்வதென்று தெரியாத தங்கள் மைத்துனன்
ஸ்டானிஸ்லாஸ்

பின்குறிப்பு. புதன்கிழமை. மேலே கண்ட எதையும் வக்கீல் ஐயாவிடம் கேட்க வேண்டாம். சனிக்கிழமை இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்குச் சோற்றுப் பசை கேட்கப் போனேன்; நவமணி பசைக்குப் பதிலாக வேறொரு வெள்ளைக் காகிதத்தை நீட்டினாள். நடந்ததை நடந்தபடி எட்டு வரியில் இன்ஸ்பெக்டருக்கு எழுதி, கோயில் கம்பியைப் போய் நானே அவிழ்த்துச் சுருட்டிவிட்டு, சுங்கை சிப்புட் தபாலாபீசுக்கு நடந்தே போய், ஆறேகாலுக்கு முன்னாலேயே போட்டேன். தங்களுக்கு எழுதியதைச் சட்டைப்பையிலேயே மறந்துவிட்டேன். நேற்று இன்ஸ்பெக்டர் வந்தார். துரைக்குப் பங்களாவில் ஒருமணி நேரம் பாடம். கையுறை வரும்வரை டைனமோ ஓடக் கூடாது என்று முத்திரை வைத்துவிட்டார், துரை நேற்று அரிக்கன் விளக்கில் சாப்பிட்டார். கோயிலைப் பூட்டவில்லை, கம்பத்தில் முறையாகக் கம்பி போட்டால் லைசென்சில் சேர்த்துத் தருவதாகப் பழனியப்பனிடமே சொன்னார். என்னை அந்த அட்டையில் உள்ளபடி செய்து காட்டச் சொல்லித் தாமே தரையில் குப்புறப் படுத்தார். அமுக்கினேன். எழுந்து, பாகுஸ் என்றார்; மலாயில் பேஷ் என்று அர்த்தம். பரீட்சை உண்டு, அதுவரைக்கும் ஸ்டோர் மின்சாரத்துக்கு நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். காய்ச்சல் என்று யாரிடமாவது சொல்லியிருந்தால் உடனே திருத்திச் சொல்லுங்கள். சட்டம் மிக நல்ல சட்டம், நன்றாக யோசித்து எழுதியிருக்கிறார்கள், நாலு தடவை படித்துவிட்டேன்.

அது நிற்க. தாங்கள் படுக்கை அறை விளக்கிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு கம்பி இழுத்து, கோழிக்கூட்டில் குஞ்சுகளுக்குக் கணகணப்பாக இருக்கட்டும் என்று ஒரு பல்பு போட்டிருப்பதாக நவமணிக்கு அக்கா எழுதியிருக்கிறார்கள். இது பெரிய குற்றம், மச்சான். வக்கீல் ஆபீசில் இருக்கிறவர் செய்கிற காரியமா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பார்வையிட வருகிறேன். அதுவரை குஞ்சுகளைத் தாய்க்கோழியே பார்த்துக்கொள்ளட்டும்.