மூன்று ஊர் மணி பார்த்த கிராணி

மலாயாவில், கெடா மாநிலத்தில் அந்தக் காலத்தில் நேரம் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். மற்றவர்களிடம் வெறும் கடிகாரம்தான் இருந்தது. இதை நான் சொல்லவில்லை. அவரே சொன்னார். தினமும் சொன்னார். கேட்க வராதவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

லூனாஸுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். தோட்டத்துக் குமாஸ்தாவைக் கிராணி என்போம். அந்த ஆபீசில் அவர் பெரிய கிராணி, நான் சின்னக் கிராணி. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நாம் கடியாரம் என்பதை அவர்கள் மணிக்கூடு என்பார்கள். அந்த வார்த்தை அவர் வாயில் ஓயாமல் புரண்டதால் தோட்டத்து ஜனங்கள் அவருக்கு ‘மணிக்கூட்டுக் கிராணி’ என்று பேர் வைத்துவிட்டார்கள். சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கே அது மறந்துபோய்விட்டது.

அவர் வீட்டுக் கூடத்தில் வரிசையாக மூன்று கடிகாரங்கள். நடுவில் தோட்டத்து மணி. வலது பக்கம் யாழ்ப்பாண மணி, இரண்டு மணி நேரம் பின்னால். இடது பக்கம் லண்டன் மணி. ஒரு கடிகாரத்தையே நிமிர்ந்து பார்க்க நேரமில்லாத தோட்டத்தில் இவருக்கு மட்டும் மூன்று.

லண்டன் மணி துரைக்காக. மனுஷன் எந்தச் சீமைக்குப் போனாலும் வயிறும் கோபமும் பிறந்த ஊர் மணிப்படிதான் ஓடும் என்பது கிராணியாரின் கொள்கை. ஒருநாள் காலையில் லீவு கேட்க துரையின் அறைக்குப் போகப் புறப்பட்டேன். கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

“இப்ப போகாதையும் தம்பி. துரைக்கு இப்ப நடுச்சாமம்.”

மத்தியானம் வரை காத்திருந்து போனேன். துரை பிடரியைப் பிடித்துத் தள்ளாத குறைதான். திரும்பி வந்து முறையிட்டால், லண்டனில் இப்போதுதான் விடிந்திருக்கிறது, மனுஷன் இன்னும் கோப்பி குடித்திருக்கமாட்டார், நீர் அவசரப்பட்டுவிட்டீர் என்று எனக்கே திட்டு.

இந்தக் கொள்கையைக் கூலி ஜனங்கள் மேலும் பிரயோகித்தார். புல் வெட்டும் ஆள் ஒருவன் பசிக்கிறது, சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று நின்றான். எந்த ஊர் என்று கேட்டார். சேலம் பக்கம் என்றான். அங்கே இப்போது பத்து மணிதான், உனக்குப் பசிக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்து நின்றவன் விவரமானவன்.

“நான் இங்க லூனாஸ்லதான் பொறந்தேன், கிராணியாரே.”

“அப்ப நீ போய்ச் சாப்பிடு.”

ஒரே வாரத்தில் அந்தத் தோட்டத்தில் இருந்த அத்தனை பேரும் லூனாஸில் பிறந்தவர்களாகிவிட்டார்கள். அவர்களையெல்லாம் கப்பலில் கூட்டிக்கொண்டு வந்த கங்காணிகூட லூனாஸில் பிறந்தவர்தான் என்று சாதித்தார். கிராணியார் நம்பினார். கொள்கைக்காரர்களுக்கு இதுதான் கஷ்டம், கொள்கையை ஒத்துக்கொண்டு பேசினால் எதையும் நம்பிவிடுவார்கள்.

யாழ்ப்பாண மணி எதற்கென்று யாரும் கேட்கவேண்டியதில்லை. கல்யாணமான மூன்றாம் மாதம் கப்பலேறியவர். மனைவி ஊரில், படுத்த படுக்கையாகிவிட்ட தன் தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி சாப்பிடும் நேரத்தில்தான் இவரும் சாப்பிடுவார். அங்கே இரவு எட்டு மணி, இங்கே பத்து. அதுவரைக்கும் சோறு ஆறிக்கொண்டிருக்கும், இவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். முள் எட்டுக்கு வந்ததும், “இப்ப அவ கோப்பையிலை சோறு போடுறா” என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார். சாப்பாட்டுத் தட்டை அவர்கள் கோப்பை என்பார்கள். ஏதோ அடுத்த அறையில் நின்று எட்டிப் பார்த்தவர் மாதிரி.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். வந்தவுடன் அவன் செய்த முதல் காரியங்களில் ஒன்று, நாடு முழுக்க டோக்கியோ மணிதான் என்று உத்தரவு போட்டது. எல்லாக் கடிகாரமும் ஒன்றரை மணி நேரம் முன்னால் போயிற்று. சூரியனுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை, அது பழைய நேரத்துக்கே வந்துகொண்டிருந்தது. காலையில் ஆள் கணக்கெடுப்பதை நாங்கள் பெரட்டு என்போம். பெரட்டில் நிற்பவன் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாத இருட்டில் பேர் கூப்பிட்டோம். மரத்தைத் தடவிப் பார்த்துப் பால் வெட்டினார்கள்.

கிராணியார் நடுக் கடிகாரத்தை டோக்கியோவுக்கு மாற்றினார். லண்டன் கடிகாரமும் மறுநாளே ஜப்பான் பிரஜையாகிவிட்டது. யாழ்ப்பாணக் கடிகாரத்தை மட்டும் தொடவில்லை. அது வெள்ளைக்காரன் ஆளுகிற ஊர் மணி, கண்டால் தலையை எடுத்துவிடுவான், மாற்றிவிடுங்கள் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன்.

“ரெண்டு குடுத்தாச்சு. அவனுக்குக் காணாதோ?” என்றார்.

பயந்தது நடந்தது. ஒருநாள் நான் கிராணியார் வீட்டில் இருந்தபோது ஜப்பான் அதிகாரி ஒருவன் வீடு வீடாகச் சோதனைக்கு வந்தான். கொஞ்சம் மலாய் பேசுவான். சுவரைப் பார்த்தான். இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போயின. மூன்றாவது மூன்றரை மணி நேரம் பின்னால் நின்றது. அதைக் காட்டி என்ன இது என்றான்.

நான் முந்திக்கொண்டு, “ரோசாக், துவான்” என்றேன். கெட்டுப்போன கடிகாரம் என்று அர்த்தம். அவனும் தலையாட்டினான். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நான் அவருடைய குடும்பத்தையே கேவலமாகப் பேசிவிட்ட மாதிரி கிராணியார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“தீடா ரோசாக். பெத்துல்,” என்றார் அவனிடம். கெடவில்லையாம், சரியாக ஓடுகிறதாம்.

சரியாக ஓடுகிறதென்றால் எந்த ஊர் மணி என்று அவன் கேட்டான். இந்த மனுஷன் கொஞ்சமும் அசராமல் கடிகாரத்தை விரலால் காட்டி, “பினி சாயா” என்றார். என் பெண்சாதி.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு விட்டான் ஓர் அறை. எனக்குக் காது அடைத்துக்கொண்டது, அறை வாங்கியவர் அவர். அவனே கடிகாரத்தைக் கழற்றி முள்ளை டோக்கியோவுக்குத் திருப்பி மாட்டிவிட்டுப் போனான். லாரிச் சத்தம் தேய்ந்து மறையும் வரை கிராணியார் அசையாமல் நின்றார். பிறகு கன்னத்தைக்கூடத் தடவாமல் போய் முள்ளைத் திருப்பி வைத்தார்.

அன்றிலிருந்து அந்தக் கடிகாரம் அரிசி டின்னுக்குள் குடியேறியது. டின்னில் அரிசி இருந்த காலம் போய்விட்டதால் இடத்துக்குப் பஞ்சமில்லை. ராத்திரி அதை வெளியே எடுத்து மேஜையில் எதிரே உட்காரவைத்து, அவித்த மரவள்ளிக்கிழங்கை வைத்துக்கொண்டு காத்திருப்பார். கப்பல் இல்லை, தபால் இல்லை, அந்த அம்மாள் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. முள் எட்டுக்கு வரும். “இப்ப அவ சாப்பிடுறா” என்பார். நானும் என் கிழங்கை அப்போதுதான் எடுப்பேன்.

ஒருவழியாக யுத்தம் முடிந்தது. யாழ்ப்பாணக் கடிகாரம் டின்னை விட்டுப் பழையபடி சுவரேறியது. தபால் வந்தது. தகப்பன் போய்விட்டார், மனைவி சுகமாக இருக்கிறார், கப்பல் கிடைத்ததும் வருகிறார். கிராணியார் பெரட்டில் நின்றவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். கன்னத்தில் வாங்கிய அறைக்கெல்லாம் சேர்த்து ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கவென்றே சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு மனிதர் வந்து சேர்ந்தார். ரயில்வேயில் வேலை, அவரும் யாழ்ப்பாணம். யுத்தத்தின்போது ஊரில் மாட்டிக்கொண்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். கிராணியார் பெருமையாகத் தன் கடிகாரக் கதையைச் சொன்னார். வந்தவர் சிரித்தார். அங்கேயும் யுத்தத்துக்காக அரசாங்கம் மணியை மாற்றியதே, உமக்குத் தெரியாதா, முழுதாக ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்களே என்றார்.

கிராணியார் கையில் இருந்த தேத்தண்ணீரைக் கீழே வைத்தார். எவ்வளவு காலம் அப்படி என்று கேட்டார். சண்டை முடியுமட்டும் என்றார் வந்தவர்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். தலையே போனாலும் பரவாயில்லை என்று இந்த மனுஷன் காப்பாற்றிய மணி, உலகத்தில் எந்த ஊரிலும் நடப்பில் இல்லாத மணி. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு ஓடிவிட்டது.

“நான் சாப்பிடக் குந்தேக்கை அவ கை கழுவியிருப்பா, தம்பி,” என்றார். “அவ்வளவு நாளும் நான் தனியத்தான் சாப்பிட்டிருக்கிறன்.”

அதற்குப் பிறகு ஆள் ஆளாக இல்லை. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதை நிறுத்திவிட்டார். கிடைத்த நேரத்தில் சாப்பிட்டார், சில நாள் சாப்பிடவே இல்லை. பெரட்டில் எவனாவது பசிக்கிறது என்றால் ஊர் எது என்று கேட்காமல், போ என்று விட்டுவிட்டார். ஜனங்களுக்கு அது பொறுக்கவில்லை. ஒருவன் தானாகவே, தான் சேலத்தான் என்ற உண்மையைச் சொல்லிப் பார்த்தான். அவனையும் கிராணியார் போய்ச் சாப்பிடச் சொல்லிவிட்டார்.

அந்த அம்மாள் பினாங்கில் வந்து இறங்கினார். நானும் என் மனைவியும் துறைமுகத்துக்குப் போயிருந்தோம். ஒல்லியான, அமைதியான பெண்மணி. வீட்டுக்கு வந்து சேரும்வரை கிராணியார் அவரிடம் எதையும் கேட்கவில்லை. கேட்கப் பயம். என் மனைவிக்கு எந்தக் காலத்திலும் பயம் கிடையாது. கூடத்தில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“அக்கா, சண்டை நேரத்துல அங்கயும் மணிய மாத்துனாங்களாமே. அப்ப நீங்க ராத்திரி எத்தன மணிக்குச் சாப்பிடுவீங்க?”

“மணியோ?” என்று அந்த அம்மாள் சுவரைப் பார்த்தார். “எங்கட வீட்டிலை ஏது மணிக்கூடு? இருந்த ஒண்டையும் இவர் கப்பலேறேக்கை கொண்டு வந்திட்டார். அந்தா தொங்குது.”

நான் கிராணியாரைப் பார்க்கவில்லை, பார்த்தால் சிரித்துவிடுவேன். என் மனைவி விடவில்லை. அப்புறம் எப்படித்தான் நேரம் தெரியும் என்றாள்.

“நேரம் என்னத்துக்கு? இவருக்கு முந்திச் சாப்பிட எனக்கு மனம் வராது. இவர் எப்ப சாப்பிடுறார் எண்டு ஆர் வந்து சொல்லப் போயினம்? அதாலை ஊர் முழுக்க விளக்கு அணைஞ்சாப் பிறகுதான் சாப்பிடுவன். அந்நேரத்துக்கு எந்த ஊரிலை இருந்தாலும் மனுசன் சாப்பிட்டிருப்பார்தானே.”

கிராணியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, நம் ஊரில் விளக்கு எத்தனை மணிக்கு அணைப்பார்கள் என்று கேட்டார். மணிக்கூடு இல்லை என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார் அந்த அம்மாள்.

சாயங்காலமே சமையல் முடிந்தது. அந்த அம்மாள் அவருக்கு இலை போட்டுப் பரிமாறிவிட்டுக் கதவோரமாக ஒதுங்கி நின்றார். கிராணியார் சோற்றைத் தொடவில்லை. கணவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று அந்த அம்மாள் நின்றார். அவரும் உட்காரட்டும் என்று கிராணியார் காத்திருந்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் அப்போது என்ன மணி என்று நான் வாய் தவறிக்கூடக் கேட்கவில்லை. கடைசியில் கிராணியாரே எழுந்து போய், உள்ளேயிருந்து இன்னோர் இலையைக் கொண்டு வந்து தன் இலைக்குப் பக்கத்தில் விரித்தார். தன் கையாலேயே சோறு போட்டார்.

“இதிலை இரும்,” என்றார்.

அந்த அம்மாள் எங்களைப் பார்த்துக் கூச்சப்பட்டார். நான் என் மனைவியை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எனக்கு அந்த மனுஷனை எப்போதுமே பிடிக்கும். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் பிடித்தது.